பேச்சித்திட்டு எந்தப் பக்கம்

வெள்ளையாக இருக்கும் எதையும் ஆவுடையம்மாள் நம்பமாட்டாள். பிறவியிலேயே வந்த குணம் அல்ல அது. தொழில் கொடுத்தது. மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் ஒரு சுக்குப் பண்டகசாலையில் பதினான்கு வயதிலிருந்து சுக்குத் தரம் பிரித்தவள் அவள். பூச்சி துளைத்த சுக்கைச் சுண்ணாம்பு நீரில் முக்கி வெயிலில் போட்டால் துளைகள் அடைபட்டுப் போகும். சுக்கு பார்க்க வெள்ளைவெளேரென்று, நல்லதைவிட நல்லதாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி நகத்தால் சுரண்டுவது. அதற்காகவே வலது கட்டைவிரல் நகத்தை வெட்டாமல் வளர்த்திருந்தாள். அது மாட்டுக் கொம்பு மாதிரி தடித்து மஞ்சளாகியிருந்தது.

"ஆவுடைக்குச் சோறு போட்டா, சோத்தையும் சொரண்டிப் பாத்துட்டுத்தான் திம்பா" என்று உடன் உட்கார்ந்து பிரிக்கும் பெண்கள் கேலி பேசுவார்கள்.

"உன் மாமியா ஆக்கின சோறுன்னா சொரண்டத்தான் செய்யணும்" என்பாள் இவள், தலை நிமிராமல்.

படகோட்டி நல்ல காற்று என்றால் வானத்தைப் பார்ப்பாள். புருஷன் சுப்புராஜ் நேராக வீட்டுக்கு வந்தேன் என்றால் அவன் வேட்டி நுனியில் எந்தப் படகுக் கடவின் சேறு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பாள். இப்படிப்பட்டவள் ஒரே ஒரு பூச்சை மட்டும் நாற்பது வருஷத்துக்கு மேல் சந்தேகிக்காமல் இருந்தாள். பேச்சியம்மன்மேல் இருந்த மஞ்சள்தான் அது.

இடக்கொச்சிக்குத் தெற்கே, காயலுக்குள் நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிறது பேச்சித்திட்டு. இரண்டு பர்லாங் நீளம். அகலம் தண்ணீர் ஏறும் வேலியேற்றத்தில் ஒரு மாதிரியும் இறக்கத்தில் ஒரு மாதிரியும் இருக்கும். வடக்குமுனை மேடு, தெற்கே போகப்போகச் சரிந்து சேறாகித் தண்ணீருக்குள் இறங்கிவிடும். ஒரு காலத்தில் அங்கே கண்டல் செடியையும் நண்டையும் தவிர ஒன்றும் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் மழை பொய்த்த வருஷங்களில் மூட்டை தூக்கப் பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கு மட்டாஞ்சேரியில் படுக்க இடம் கிடைக்கவில்லை. துறைமுகத்துக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு இடம் தர யாருக்கும் மனமில்லை. அப்படித் துரத்தப்பட்டவர்கள் இந்த நாக்கின்மேல் ஓலை கட்டினார்கள். நாற்பது குடிசை. ஒரு பேச்சியம்மன். குடிக்கத் தண்ணீர் வள்ளத்தில் வர வேண்டும்.

வடக்குமுனை மேட்டில், ஒரு பூவரசு நிழலில் இருந்தது அம்மன். இரண்டரை அடிக் கல். தலை உருண்டை. வருஷா வருஷம் ஆடிச் செவ்வாயில் எண்ணெயும் மஞ்சளும் குழைத்து அப்பி அப்பி, ஒரு விரற்கடை கனத்துக்கு மேலே மஞ்சள் ஓடு கட்டியிருந்தது. மலையாளக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளத்தில், அதாவது 1924இல், அம்மன் தானே மிதந்துவந்து மேட்டில் ஏறி நின்றாள் என்பது ஊர்க்கதை. கல் எப்படி மிதக்கும் என்று நாற்பது குடிசையில் ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஓட்டிலிருந்து ஒரு சிட்டிகை சுரண்டிப் பாலில் கரைத்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தீரும் என்றும் ஒரு வழக்கம் இருந்தது. அந்த வழக்கத்துக்குக் காவல் சங்கிலிப்பாண்டி.

சங்கிலிப்பாண்டி மூப்பன். பண்டகசாலைகளுக்கும் கப்பல்களுக்கும் ஆள் கொண்டுபோகிறவன். காலையில் யாருக்கு வேலை, யாருக்குப் பட்டினி என்பதை அவன் கைதான் தீர்மானிக்கும். திட்டில் யார் ஓலை கட்டலாம் என்பதையும் அவனே தீர்மானித்தான். நிலம் அவனுடையது அல்ல. ஆனால் வேறு யாருடையதும் அல்ல என்பதால் அவனுடையதாகிவிட்டது. வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு குடிசையிலிருந்தும் ஓர் ஆள் அவனுடைய தென்னந்தோப்பில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். அதற்கு 'அம்மன் முறை' என்று பெயர் வைத்திருந்தான். அம்மனுக்கு எதற்குத் தென்னந்தோப்பு என்று கேட்டவர்கள் அடுத்த மழைக்குள் ஓலையைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அம்மனுக்கு எண்ணெயும் மஞ்சளும் அவன் செலவு. அவனைத் தவிர வேறு யாரும் பூசக்கூடாது. சுரண்டிக் கொடுப்பதும் அவன் அனுமதித்தால்தான்.

1953ஆம் வருஷம், மழை உச்சத்தில், ஆவுடையம்மாளின் ஒரே மகள் பாக்கியலக்ஷ்மிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஆறு வயது. காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. திட்டில் ஆஸ்பத்திரிவரை போகக்கூடிய படகு சங்கிலிப்பாண்டியுடையது ஒன்றுதான்.

"அண்ணாச்சி, படகைக் குடுங்க. பிள்ளை கண்ணு சொருகுது" என்று போய் நின்றாள்.

"படகு சரக்கு ஏத்தப் போகுது, ஆவுடை. ஆஸ்பத்திரியில என்ன இருக்கு? அம்மையிட்ட இல்லாததா? போ, மஞ்சக் காப்பு சொரண்டிக் கொடு. நானே சொல்லுதேன், சொரண்டிக்கோ."

சுரண்டினாள். அவசரத்தில் நகத்தை ஆழமாக இறக்கினாள். ஓட்டுக்கு அடியில், கல்லில், நகம் ஒரு பள்ளத்தில் விழுந்து வளைந்து ஓடியது. அம்மனின் கண்ணைக் கீறிவிட்டோமோ என்று பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மஞ்சளைப் பாலில் கரைத்துப் பிள்ளை வாயில் ஊற்றினாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே பாக்கியலக்ஷ்மி போய்விட்டாள்.

சாவைப் பதிய வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பண்டகசாலையில் ஒரு பெண் தன் குழந்தையின் சாவுக் காகிதத்தை மடித்து மடிச்சேலையில் வைத்திருந்ததைப் பார்த்திருந்தாள். அந்தக் காகிதம் தனக்கும் வேண்டும் என்று தோன்றியது. பாக்கியத்துக்குப் படம் கிடையாது. ஜாதகம் கிடையாது. ஒரு பாவாடை இருந்தது, அதையும் கூடவே புதைத்தாயிற்று. அவள் இருந்தாள் என்பதற்கு எழுத்தில் ஒரு வரி வேண்டும், அவ்வளவுதான்.

வடக்கே இருந்த பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தா முகம் நிமிராமல் கேட்டார்: "எந்த ஊர்?"

"பேச்சித்திட்டு."

"அங்ஙனெ ஒரு ஊரில்லா. எங்க எல்லை பழைய ராஜாக்கல்லு வரைதான். கொச்சி ராஜ்யத்துக்கும் திருவிதாங்கூருக்கும் நடுவில நாட்டின கல்லு. அந்தக் கல்லைக் காட்டு, நீ அதுக்கு வடக்கேதான்னு காட்டு, எழுதித் தரலாம்."

"அந்தக் கல்லு எங்க சாரே இருக்கு?"

"காணான் இல்லா. அதுதானே விஷயம்."

தெற்கே காயலைக் கடந்து போனாள். அந்த ஆபீசிலும் ஒரு குமாஸ்தா. "திட்டு முழுவனும் ராஜாக்கல்லுக்கு வடக்கே. எங்க புஸ்தகத்தில் அப்படித்தான் கண்டிருக்கு. வடக்கே போய்க் கேளு" என்று அனுப்பினார்.

ஒருவருக்குக் கல் கிடைக்கவில்லை, இன்னொருவருக்குக் கல் கிடைக்க வேண்டிய தேவையே இல்லை. இந்த இரண்டு ஆபீசுக்கும் நடுவில் ஒரு குழந்தை சாகாமலும் பிறக்காமலும் கிடந்தது. கொச்சி ராஜாவும் போயிருந்தார், திருவிதாங்கூர் ராஜாவும் போயிருந்தார். இரண்டு ராஜ்யமும் ஒன்றாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. பிறகு கேரளம் என்றே ஒரு மாநிலம் வந்தது, இரண்டு கரையிலும் ஒரே கொடி ஏறியது. ராஜாக்கள் நட்ட கல்லின் ஆட்சி மட்டும் முடியவில்லை. ஏழைக்கு இல்லை என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்தால், அதைப் பத்திரப்படுத்தி வைப்பதில் எந்த ஆபீசும் சோம்பியதில்லை.

அன்றிலிருந்து அவள் கல்லைத் தேடினாள். பதின்மூன்று வருஷம். இறக்க நேரத்தில் தெற்குமுனைச் சேற்றில் முழங்கால்வரை இறங்கித் துழாவுவாள். யார் வீட்டுத் துவைகல்லையும் புரட்டிப் பார்ப்பாள். யாரோ அந்தக் கல்லை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. யார் என்பதில்தான் சந்தேகம்.

"விட்டுத்தள்ளு புள்ள. கல்லுக்குக் காலா இருக்கு, திரும்பி வர?" என்பான் சுப்புராஜ்.

"காலு இல்லாத கல்லு எப்படிப் போச்சு? ஒருத்தன் தூக்கிட்டுத்தானே போயிருப்பான்? உங்க மூப்பன் எதுக்கு என்னைச் சேத்துல பாக்கும்போதெல்லாம் கேலி பண்ணுதான்?"

சங்கிலிப்பாண்டி கேலி பண்ணத்தான் செய்தான். "என்ன ஆவுடை, நண்டு பிடிக்கியா? ராஜாகிட்ட மனு போடு, வேற கல்லு நாட்டித் தருவாரு!" என்று படகிலிருந்து கத்துவான். சிரிக்கிறவன் கண் மட்டும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். அவள் அதைக் குறித்துவைத்துக்கொண்டாள்.

1966 ஆடியில் சர்வேக்காரர்கள் வந்தார்கள். கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் எல்லாம் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆகப்போகிறது, இடக்கொச்சியும் அதில் சேரும், அதற்கு எல்லை அளக்கிறார்கள் என்று திட்டின் வடக்குக் கடவில் சாயாக்கடை வைத்திருந்த அப்பு சொன்னான். எல்லைக்குள் வருகிற ஒவ்வொரு வீட்டுக்கும் நம்பர் போடுவார்களாம்.

"நம்பர் போட்டா சாவு எழுதுவாவளா, அப்பு?"

"நம்பர் உள்ள வீட்டில் மரிச்சா எழுதாதிருக்கான் முடியுமோ, சேச்சி? பழைய மரணமும் மேலே மனு கொடுத்தா எழுதும் என்னு கேட்டிட்டுண்டு."

சர்வேயர் பாலக்காட்டுக்காரர், பெயர் சிவராமகிருஷ்ணன். குடையும் மூக்குக்கண்ணாடியுமாக, சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற மனுஷர். பழுப்பேறிய பழைய வரைபடம் ஒன்றை அப்புவின் பெஞ்சில் விரித்து, நான்கு மூலையிலும் சாயா கிளாசை வைத்திருந்தார். ஆவுடையம்மாள் போய் நின்றாள்.

"சாரே, ராஜாக்கல்லு இதுல இருக்கா?"

"இருக்காக்கும். இதோ பாரு, திட்டோட தெக்கு நுனியில. கடவோட கடைசிப் படியிலேர்ந்து நேரே இருபத்தோரு சர்வேச் சங்கிலி தூரம். ஆனா ஸ்தலத்துல கல்லக் காணுமே! இது பழைய படம். இத மட்டும் வெச்சுண்டு திட்ட உள்ள சேக்க முடியாது. நாளைக்கு எவனாவது ஆட்சேபிச்சா என் தலைதான் உருளும். கல்லு வேணும்."

"கல்லு எப்படி இருக்கும்?"

"இப்படிக் கேட்டவா நீ ஒருத்திதான். ரெண்டரை அடி கருங்கல்லு, தல உருண்டையா இருக்கும். வடக்கு முகத்துல கொச்சிக்குக் 'கொ', தெக்கு முகத்துல திருவிதாங்கூருக்குத் 'தி'. மலையாள எழுத்து, ஆழமா வெட்டியிருக்கும். ஏம்மா, என்னாச்சு?"

அவள் கட்டைவிரல் நகத்தை ஆட்காட்டி விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் மஞ்சளுக்கு அடியில் வளைந்து ஓடிய பள்ளம் அந்த நகத்துக்கு ஞாபகம் வந்துவிட்டது. அது கண் இல்லை.

'பூசினவன் எதையோ மறைக்கான்' என்று பண்டகசாலையில் ஆயிரம் தடவை சொன்னவள். தன் மகள் வாயில் ஊற்றிய பூச்சை மட்டும் பார்க்காமல் விட்டிருந்தாள்.

மறுநாள் ஆடிச் செவ்வாய். நல்ல வெயில். பெண்கள் பூவரசின் கீழ் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்த் தகரத்தோடு சங்கிலிப்பாண்டி வருவதற்கு முன்பே ஆவுடையம்மாள் வந்துவிட்டாள். ஒரு செம்பு வெந்நீர், சீயக்காய், சுக்குச் சீவும் கத்தி. சாயா குடிக்கக் கூப்பிடுவதுபோல் சர்வேயரையும் அப்புவையும் வரச்சொல்லியிருந்தாள். அம்மன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெந்நீரை ஊற்றி, கத்தியை ஓட்டுக்கு அடியில் செருகினாள்.

"ஏ ஆவுடை! உனக்குக் கிறுக்கு பிடிச்சிட்டாட்டி? கை அழுகிப்போகும்!" என்று கூழ் அகப்பையோடு ஓடிவந்தாள் ஒருத்தி.

"அழுகட்டும். சுக்குப் பிரிக்க இன்னொரு கை இருக்கு."

ஓடு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே மஞ்சள் கறுத்துப் பிசினாகியிருந்தது. தெற்கு முகத்தில் முதலில் தெரிந்தது. அப்பு குனிந்து விரலால் தடவிப் படித்தான்: "தி." சுற்றிவந்து மறுமுகத்தைப் பார்த்தான். "ஈஸ்வரா... கொ."

கூழ் அடிப்பிடித்து வாடை வந்தது. யாரும் அதைக் கிண்டவில்லை.

அதற்குள் சங்கிலிப்பாண்டி வந்துவிட்டான். அவன் கத்துவான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். எண்ணெய்த் தகரத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"சபாஷ், ஆவுடை. பதிமூணு வருஷமா தேடின கல்லைக் கண்டுபிடிச்சிட்டே. சாரே, பாத்துக்கிடுங்க. கல்லு எங்க இருக்கு? வடக்கு முனையில. குடிசை எல்லாம் எங்க இருக்கு? கல்லுக்குத் தெக்கே. அப்ப இந்தத் திட்டு உங்க கார்ப்பரேசன்ல வருமா?"

சிவராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கல்லு இங்கதான்னு எழுதினா... வராது."

"பாத்தியளா மக்கா! நம்பர் வரப்போகுதுன்னு ஆடினீங்க. இவ சொரண்டினாளே, அம்மனைச் சொரண்டினான்னு நினைச்சியளா? உங்க நாப்பது வீட்டையும் சேத்துச் சொரண்டி எறிஞ்சிட்டா!"

சனம் அவள் பக்கம் திரும்பியது. அகப்பை வைத்திருந்தவள் மண்ணை வாரித் தூற்றினாள். ஆவுடையம்மாள் அசையவில்லை. அவள் கல்லைப் பார்க்கவில்லை, சங்கிலிப்பாண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மன் கல்லாகிப் போனதில் இவனுக்கு அதிர்ச்சியே இல்லையே. எழுத்தைப் படிக்க அப்புவே குனிந்து தடவ வேண்டியிருந்தது. இவனோ பத்தடி தூரத்திலிருந்தே எந்தப் பக்கம் வடக்கு, எந்தப் பக்கம் தெற்கு என்று கணக்கு ஒப்பிக்கிறானே.

"அண்ணாச்சி, இது ராஜாக்கல்லுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இப்பத்தான். நீ சொரண்டின பொறவு."

"பொய். நீருதான் தெக்கேயிருந்து தூக்கியாந்து இங்க வச்சீரு."

"நானா? தொண்ணூத்தொன்பது வெள்ளத்துல எனக்கு எட்டு வயசு. சங்கரன்கோயில்ல ஆடு மேச்சுக்கிட்டிருந்தேன். வேணும்னா போய்க் கேளு."

அது உண்மை. திட்டில் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. அவன் வந்ததே வெள்ளத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான். பதின்மூன்று வருஷமாக அடைகாத்த சந்தேகம் கைக்குள் உடைந்து போயிற்று. அப்போதுதான் பூவரசுக்குப் பின்னால் குத்தவைத்திருந்த கிழவர் பிச்சை வாய் திறந்தார். திட்டில் முதலில் ஓலை கட்டியவர்களில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"அவன் தூக்கலை, தாயி. நானும் உங்க அப்பன் சுடலையும் தூக்கினோம்."

சங்கிலிப்பாண்டி, "வே கிழவா, வாய மூடும்" என்றான். இந்தமுறை சிரிக்கவில்லை.

"நாப்பத்திரண்டு வருசம் மூடினேன்ல? போதும்." பிச்சை ஆவுடையம்மாளைப் பார்த்தே பேசினார். "வெள்ளம் வந்தப்ப தெக்கு முனையில அந்தக் கல்லுலதான் வள்ளத்தைக் கட்டினோம். உங்கம்மையும் நீயும் அதுக்குள்ள இருக்கிய. உனக்கு நாலு வயசு. தண்ணி ஒழுக்கு இழுத்த இழுப்புல கல்லு முறிஞ்சுபோச்சு. கயித்தோட கல்லும் வள்ளமுமா இழுத்துக்கிட்டுப் போய் இந்த மேட்டுல ஒதுங்கினோம். கல்லு நங்கூரமா கெடந்ததாலதான் வள்ளம் கவுறலை. தண்ணி வடிஞ்ச பொறவு பாத்தா, ராஜா கல்லு. ரெண்டு ராஜா கல்லு! அதை முறிச்சவனுக்குச் செயிலுன்னு கேள்விப்பட்டிருந்தோம். போலீசு வந்தா என்ன செய்ய? உங்க அப்பந்தான் சொன்னான், கல்லை நாட்டி மஞ்சளைப் பூசுவோம்னு. சாமியா இருந்தா போலீசுகூடத் தொடமாட்டான்னான். பொறவு பொம்பளைய கும்பிட ஆரம்பிச்சாளுவ. நாங்க என்னத்தச் சொல்ல?"

"இவருக்கு எப்படித் தெரியும்?" ஆவுடையம்மாள் சங்கிலிப்பாண்டியைக் காட்டிக் கேட்டாள்.

"நாந்தான் ஒரு நாள் கள்ளு குடிச்சிட்டு உளறிட்டேன். இருவது வருசம் இருக்கும். அதுல இருந்துதான் இவன் எண்ணெய் செலவைத் தான் ஏத்துக்கிட்டான். எல்லை தெரிஞ்சா திட்டு இவன் கையில நிக்காதுல்ல. வெளிய சொன்னா உன் ஓலையைப் பிரிச்சிருவேன்னான்."

ஆவுடையம்மாள் பெயர்ந்து கிடந்த மஞ்சள் ஓட்டைப் பார்த்தாள். பாக்கியம் செத்த அன்று, "நானே சொல்லுதேன், சொரண்டிக்கோ" என்றவனுக்கு அது வெறும் கல் என்று தெரிந்திருந்தது. படகும் இருந்தது. அந்த மஞ்சளை முதன்முதலில் பூசிய கை தன் அப்பன் கை என்பதும் தெரிந்துவிட்டது. பயந்து பூசியவன் ஒருவன், லாபத்துக்குப் பூசியவன் இன்னொருவன். ஊற்றியவள் தான்.

அவள் பிச்சையின் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "முறிஞ்சுதுன்னா, சித்தப்பா, அடி எங்க?"

"அங்கதான் சேத்துக்குள்ள இருக்கணும். யாரு பாத்தா?"

சங்கிலிப்பாண்டி முந்திக்கொண்டான். "குடிகாரன் பேச்சை எழுதுவீரா சாரே? உம்ம உத்தியோகம் என்னாகும்?"

சிவராமகிருஷ்ணன் குடையை மடக்கினார். பயந்த மனுஷர்தான். ஆனால் அளவு அவருக்குப் பிடித்த விஷயம். "பேச்ச எழுத மாட்டேன். கல்ல எழுதுவேன். இருபத்தோரு சங்கிலி. நாளன்னிக்கு அமாவாசை, காலம்பற நன்னா வத்தும். தோண்டிப் பாத்துடலாம்."

அந்த இரண்டு நாளும் ஆவுடையம்மாளோடு திட்டில் ஒருவரும் பேசவில்லை. இத்தனை வருஷமும் அவள் துழாவியது தெற்குமுனையில்தான், அவளுக்கு அகப்படவில்லையே, இவர்களுக்கு எப்படி அகப்படும் என்று சங்கிலிப்பாண்டியின் ஆட்கள் சொல்லித் திரிந்தார்கள். அவளுக்கும் அதே பயம்தான். ஆனால் அவள் தேடியது இரண்டரை அடிக் கல்லை. சேற்றுக்கு அடியில் ஒரு சாண் மொட்டையை அல்ல.

அமாவாசைக் காலையில் காயல் இறங்கியது. சர்வேயரின் ஆட்கள் கடவின் கடைசிப் படியிலிருந்து அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து, சேற்றில் ஒரு மூங்கிலை ஊன்றினார்கள். கடப்பாரை முதல் குத்தில் சேறு, இரண்டாவதில் சேறு. மூங்கிலுக்கு நான்கு முழம் கிழக்கே, முழங்கை ஆழத்தில், 'டங்' என்றது. சேற்றை வாரி எறிந்தார்கள். செங்கல் படுகை, அதன் நடுவில் பல் முறிந்ததுபோல் கருங்கல் மொட்டை ஒன்று, மேலே சாய்வாக உடைந்து.

"பொருத்திப் பாக்கணும். மேல இருக்கற கல்லக் கொண்டுவாங்கோ" என்றார் சர்வேயர்.

யாரும் நகரவில்லை. கரையில் நாற்பது குடிசைச் சனமும் நின்றது. மூன்று தலைமுறையாகக் கும்பிட்ட கல்லை யார் தொடுவது? சங்கிலிப்பாண்டி கையைக் கட்டிக்கொண்டு, "தொடுங்கல! யாருக்கு நெஞ்சுல தைரியம்னு பாப்போம்" என்றான்.

சுப்புராஜ் தலையிலிருந்த துண்டை அவிழ்த்துச் சும்மாடாகச் சுற்றினான். வாழ்க்கையில் எதையும் விட்டுத்தள்ளு என்று சொல்லியே பழகியவன். "ரெண்டு மணு எடை இருக்குமா? இதைவிட பெரிய மூட்டை தூக்கியாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேட்டுக்குப் போனான். கல்லைப் பிடுங்கித் தலையில் ஏற்றிக்கொண்டு, இரண்டு பர்லாங்கும் கழுத்து நரம்பு புடைக்க நடந்து வந்தான். சேற்றில் இறங்கியபோது அவனுடைய கால் நடுங்கியது. ஆவுடையம்மாள் போய் ஒரு பக்கம் பிடித்தாள். பிச்சை மறுபக்கம்.

கல்லை மொட்டையின்மேல் இறக்கித் திருப்பினார்கள். ஒருமுறை பொருந்தவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார்கள். கரகரவென்று ஓர் ஓசை, உட்கார்ந்துவிட்டது. ஒரு மூலையில் மட்டும் சில்லு ஒன்று போயிருந்தது. 'கொ' திட்டைப் பார்த்து நின்றது. 'தி' தண்ணீரைப் பார்த்து நின்றது.

ஆவுடையம்மாள் குனிந்து அந்தப் பொருத்தில் நகத்தை விட்டுப் பார்த்தாள். நகம் இறங்கவில்லை.

சர்வேயர் சேற்றில் நின்றபடியே எழுதினார். சங்கிலிப்பாண்டி எப்போது போனான் என்று யாரும் கவனிக்கவில்லை. போகிற வழியில் எண்ணெய்த் தகரத்தை உதைத்துக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தான். அடுத்த மாதம் 'அம்மன் முறை'க்கு ஆள் கூப்பிட்டபோது பத்துக் குடிசைதான் போயிற்று. அதற்கடுத்த மாதம் அதுவும் இல்லை. இதனால் பேச்சித்திட்டுக்காரர்களுக்கு அறிவு வந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. மறு ஆடியில் பூவரசின் கீழ் வேறொரு கல் நின்றது, மஞ்சளோடு. பழைய அம்மன் ராஜா வேலைக்குப் போய்விட்டாள், இது அவள் தங்கச்சி என்றார்கள். ஆவுடையம்மாள் முதல் காரியமாக அதைச் சுரண்டிப் பார்த்தாள். கீழே ஒன்றும் இல்லை. கும்பிட்டுத் தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

1967 நவம்பரில் மாநகராட்சி வந்தது. அதற்கு மூன்று மாதம் கழித்து வீடுகளுக்கு நம்பர் எழுதினார்கள். சாவைப் பதிய அதற்கப்புறமும் ஒரு வருஷம் அலைந்தாள். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய சாவுக்குச் சாட்சி கேட்டார்கள். பிச்சையைத் தோளில் சாய்த்துக் கூட்டிப்போனாள். காரணம் கேட்டார்கள், "படகு கிடைக்கலை" என்றாள். அதற்குப் படிவத்தில் இடம் இல்லை என்றார்கள். வயிற்றுப்போக்கு என்று எழுதினார்கள்.

காகிதம் கைக்கு வந்த அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அப்புவின் கடைக்குப் போனாள். "படி" என்றாள். அப்பு படித்தான்: பாக்கியலக்ஷ்மி, ஆறு வயது, பெண், இறந்த இடம் பேச்சித்திட்டு. தலையசைத்துவிட்டுக் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு கொச்சங்காடிக்குப் போனாள். தன்னை முன்பின் அறியாத ஒரு கணக்குப்பிள்ளையை வழிமறித்து, "படிங்க" என்றாள். அவரும் அதையே படித்தார். அங்கிருந்து படகேறிச் சர்வே ஆபீசுக்குப் போனாள். சிவராமகிருஷ்ணன் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினார்.

"பாக்கியலக்ஷ்மி. ஆறு வயசு. பேச்சித்திட்டு. எல்லாம் சரியா இருக்கு, அம்மா."

"எந்தப் பக்கம்னு போட்டிருக்கு?"

"என்ன பக்கம்?"

"கல்லுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமான்னு."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லியே. ஊர்ப்பேரு மாத்திரந்தான்."

அவள் காகிதத்தை வாங்கி, முத்திரையின் ஓரத்தை நகத்தால் ஒருமுறை மெல்லச் சுரண்டிப் பார்த்தாள். நகத்தில் மை ஒட்டவில்லை. நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டாள். நான்காவது ஆள் யாரிடமும் அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை.